தள்ளிப் போய்த் திறக்கிற பாட்டில்

மக்கா,

ஒரு பாட்டிலைத் திறப்பதற்காகத் தூத்துக்குடியிலிருந்து விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவன் என்னைக் கோட்டிக்காரன் என்பான். நீயும் அப்படித்தான் சொல்வாய். ஆனால் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்காருவாய்.

என் மச்சினன் வீட்டுக்குப் பின்னால், மிளகாய்த் தோட்டத்து ஓரம், ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறதே, அதன் விளிம்பில்தான் இருக்கிறேன். மடியில் உன் ஸ்காட்ச் பாட்டில். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் கிடக்கிறது, சூடாக்கிய நெய் நிறத்தில். தக்கையைத் திருகி எடுத்தேன். மூக்கைக் குனிந்து கொண்டுபோகக்கூட வேண்டியிருக்கவில்லை. முதலில் புகை வந்தது. அதன் பின்னால் உப்பு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், காக்கிக் கால்சட்டையும் இடுப்பில் துண்டுமாய் நீ வந்து நின்றாய், கையில் கரண்டியோடு.

என்னைப் போல அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்குக் கடிதம் எழுதுவது என்பது நண்டுக்கு ஓடு உடைக்கிற மாதிரி. உள்ளே இருக்கிறது கொஞ்சம்தான், வெளியே எடுக்க மூச்சு வாங்குகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது உன்னிடம். அது கடைசியில் வரும்.

நீ கப்பலில் சமையல்காரனாக இருந்த காலத்தில், ஒவ்வொரு முறை புறப்படும்போதும் என் கருவாட்டுக் குடோனுக்கு வந்து வாளைக் கருவாடு வாங்குவாய். பாலித்தீன் பையில் சுற்றி, அதைத் துண்டில் சுற்றி, அதை டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஜெபமாலையும் போட்டு மூடுவாய். "மாதாவே இதுக்குக் காவலாலே?" என்று கேட்டதற்கு, கப்பலில் கருவாட்டை ஒளித்து வைப்பது சரக்கை ஒளித்து வைப்பதைவிடக் கஷ்டம் என்றாய்.

நடுக்கடலில் ஒரு நாள் ஆசை தாங்காமல் ஒரு துண்டை அடுப்பில் சுட்டிருக்கிறாய். அடுக்களை வழியே போனவனெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசியிருக்கிறான். ஒரே ஓர் ஆள் மட்டும் படியிறங்கி வந்து, கதவைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றாராம். சீஃப் இன்ஜினியர். ஸ்காட்லாந்துக்காரர், காதுக்குள் எல்லாம் நரைமயிர் முளைத்த கிழவர். 'செத்தோம், கேப்டன்கிட்டப் புகார் போகப் போகுது' என்று நீ நினைத்தாய். அவரோ தட்டை நீட்டினாராம். ரொட்டியில் வைத்து வாளைக் கருவாட்டைத் தின்ற ஒரே வெள்ளைக்காரர் உலகத்திலேயே அவர்தான் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். சுட்டது என் கருவாடு என்பதால் நானும் ஆயிரம் தடவை கேட்டேன்.

அந்த சீஃப் வேலை முடிந்து ஊருக்கு இறங்கின அன்று உன் கையில் இந்தப் பாட்டிலைத் தந்தார். சிங்கிள் மால்ட் விஸ்கி. தன் தீவில் காய்ச்சினது என்றும், தான் பிறந்த வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அந்தச் சாராயச் சாலையின் புகைபோக்கி தெரியும் என்றும் சொன்னாராம். கூடவே ஒரு வார்த்தை: "ஊரை விட்டுத் தள்ளி இருக்கும்போது திற."

நம் இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஊர் ஞாபகத்தில் மனசு கனத்தால் ஒரு வாய் குடி, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டோம். "பாவம்லே, வெள்ளைக்காரனுக்கும் வீட்டு நெனப்பு வரும்லா" என்று நீ உச்சுக்கொட்டினாய். கப்பலில் அடுக்களை ஆட்களுக்குக் குடிக்கத் தடை. அதோடு நீ கிறிஸ்மஸ் ஒயினுக்கே முகம் சுளிக்கிற ஆள். பாட்டில் உன்னோடு கரை சேர்ந்து, அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்றது. நீ கப்பல் வேலையை விட்டுத் துறைமுகச் சாலையில் சாப்பாட்டுக் கடை போட்ட பிறகும் அங்கேயே நின்றது. உப்பு லாரிக்காரர்கள் உன் சீலா மீன் குழம்புக்காக லாரியை ஓரம்கட்டி நிறுத்திய காலம் அது. பாட்டிலை நான்தான் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். குடிக்கிற ஆசை என்று நினைத்தாய். இல்லை மக்கா. மாதாவுக்கு வைத்த பூ வாடினால் மாற்றுகிறாய், மெழுகுவர்த்தி தீர்ந்தால் மாற்றுகிறாய், இதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறாயே, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்கிற ஆவல்.

பிறகு கொரோனா வந்தது. உனக்குக் காய்ச்சல் இரண்டு வாரத்தில் போய்விட்டது. போகும்போது உன் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதை நீ முதலில் என்னிடம்தான் சொன்னாய். குடோனில் திருக்கைக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஏலே, எனக்கு மீன் வாசம் வரல" என்றாய். நான் வழக்கம்போல, "இந்த எடத்துல நின்னுக்கிட்டு வாசம் வரலங்கிறவன் ஒண்ணு செத்திருக்கணும், இல்ல என்னய மாதிரி கருவாட்டு யாவாரியா இருக்கணும்" என்றேன். நீ சிரிக்கவில்லை. நான் சொன்ன நல்ல கேலிக்கு நீ சிரிக்காதது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, குழம்பு கொதிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஒருவன் எப்படிக் குழம்பு வைப்பான் என்று.

டாக்டர் கிராம்பையும் எலுமிச்சையையும் காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னார். போன வாசம் பைய வரும், வராமலும் போகலாம் என்றார். வீட்டில் மதினிக்குத் தெரியக் கூடாது, கடைக்கு வருகிறவனுக்குத் தெரியவே கூடாது என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். மூக்கில்லாதவன் வைத்த குழம்பு என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அடுத்த நாள் ஈதான் வரும் என்றாய்.

ஆகவே உன் மூக்குக்கும் நாக்குக்கும் பதிலாக நான் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் டீ குடிக்க வருகிறவன் மாதிரி வந்து அடுப்படி வாசலில் நிற்பேன். நீ ஒரு கரண்டிக் குழம்பை டம்ளரில் ஊற்றித் தருவாய். உப்புக் குறைவென்றால் காதைச் சொறிய வேண்டும். புளி தூக்கலென்றால் மீசையைத் தடவ வேண்டும். எல்லாம் சரியென்றால் மதினியிடம் சும்மா வம்பு இழுக்க வேண்டும். ஒரு நாள் எனக்கு நிஜமாகவே காதுக்குள் எறும்பு போய்விட்டது. நான் சொறியச் சொறிய நீ உப்பை அள்ளி அள்ளிப் போட்டாய். அன்று லாரிக்காரர்கள் குடித்த தண்ணீருக்கு ஒரு ஊருணி வற்றியிருக்கும்.

சிரித்துச் சமாளித்தோம், சரி. ஆனால் மாதங்கள் போயின. கிராம்பு உனக்குச் சின்னக் குச்சியாகவும் எலுமிச்சை வெறும் மஞ்சள் உருண்டையாகவும்தான் இருந்தன. என் கருவாட்டு மூக்கை நம்பி நீ வைத்த குழம்பு எப்படி இருக்கும்? பழைய லாரிக்காரர்களில் சிலர் இப்போது நிறுத்தாமல் போவதை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி வானிலை பேசினோம்.

ஒரு மத்தியானம் பாட்டிலைச் சாக்குப் பையில் சுற்றிக்கொண்டு குடோனுக்கு வந்தாய். நம் கடலோரத் திரேஸ்புரத்தில், இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் தெரியாமல் ஒரு பாட்டிலைத் திறக்க வேறு எந்த இடம் இருக்கிறது? என் குடோனுக்கு யாராவது ஆசைப்பட்டு வருவார்களா?

"சீஃப் தன் ரூமுக்குள்ள இத ஒரு சொட்டு ஊத்துனா, எனக்கு அடுக்களைக்கு வரும்லே அந்த வாசம்" என்றாய். "இது வரலன்னா எனக்கு இனி எதுவும் வராது. கடைய மூடிருவேன்."

நான் கேலி பண்ண வாயெடுத்து, அதை விட்டுவிட்டு டீ கிளாசை எடுத்துக் கழுவினேன்.

நீ சீஃப் செய்ததைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த முறைப்படியே செய்தாய். சோடா கூடாது, ஐஸ் கூடாது. டீ கிளாசில் அடி நனைகிற அளவு. சுழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா வைக்க வேண்டும். வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். பிறகும் மோந்து பார்க்க வேண்டும். குடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். இடையில் நான் சும்மா இருப்பேனா, இதை எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டேன். முளைகட்டின பார்லியை அந்தத் தீவில் புகையில் போட்டு உலர்த்துவார்கள் என்றும், சதுப்பில் மக்கிக் கிடக்கிற மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து எரித்த புகை அது என்றும், அந்த மண்ணில் கடல்பாசிகூடக் கலந்திருக்கும் என்றும் சொன்னாய்.

"முளைகட்டுன தானியத்துக்கு எதுக்குலே பொக?"

"உன் மீனுக்கு எதுக்குலே உப்பு?"



நீ கிளாசை மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடினாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம். நீ கண்ணைத் திறந்து கிளாசை என்னிடம் நீட்டினாய். நானும் மோந்தேன். ஒன்றுமில்லை. மூக்குக்குள் சுருக்கென்று ஒரு எரிச்சல், அவ்வளவுதான். ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். தொண்டை எரிந்தது, கொஞ்சம் இனித்தது. குடோனில் என்ன மணம் இருக்குமோ அதுதான் இருந்தது.

"சீஃப் உன்னய ஏமாத்திட்டாருலே, பச்சத் தண்ணிக்குச் சாயம் போட்டுக் குடுத்திருக்காரு" என்றேன். எனக்கே என் குரல் நன்றாக இல்லை. நீ தக்கையை அழுத்தி மூடினாய். என் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குச் சமைக்க ஒப்புக்கொண்டாயிற்று, அதை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன் என்றாய். பாட்டிலை மச்சினனுக்கே கொடுத்துவிடு, அவனாவது குடிக்கட்டும் என்றாய். சீஃப் சொன்ன வார்த்தை நம் இரண்டு பேர் மண்டைக்குள்ளும்தான் கிடந்தது. அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

விளாத்திகுளம் பஸ்ஸை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

காதுகுத்து வீடு என்பதால் என் வீட்டுக்காரி என்னை இரண்டு தடவை குளிக்க வைத்தாள். சீயக்காய் தலையோடு நிற்காமல் கை கால் எல்லாம் போயிற்று. பெட்டியிலிருந்து புதுச் சட்டை. தன் பிறந்த வீட்டுக்குள் கருவாடு மணக்க நுழையக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் போட்ட சட்டம். அவள் முன் சீட்டில், நாம் இரண்டு பேரும் பின்னால். பாட்டில் உன் காலடிப் பையில், கரண்டிகளுக்கு நடுவில். கடல் பின்னால் போய், உப்பளம் போய், வெறும் கரிசல் காடு வந்தது. சன்னல் வழியே சூடான காற்று. நீ கரிசலையே பார்த்துக்கொண்டு வந்தாய். நானும் உன்னைச் சிரிக்க வைக்கிற வேலையை விட்டுவிட்டுத் தூங்கப் பார்த்தேன்.

பஸ் ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் முன்னால் ஒரு அம்மா, ஆஸ்பத்திரி மருந்து யாரோ கொட்டிவிட்டார்கள் என்றாள். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார். அடிக்கடி அந்த பஸ்ஸில் போகிறவன், தெரிந்த முகம்.

"அண்ணாச்சி, எத்தன தடவ சொல்லுதது, கருவாட்ட மேல டாப்புல போடுங்கன்னு?"

நான் சத்தியம் பண்ணினேன். கையை விரித்துக் காட்டினேன். பை கிடையாது, மூட்டை கிடையாது, சட்டை புதுசு, வேண்டுமானால் மோந்து பாரும் என்றேன். என் வீட்டுக்காரி திரும்பிப் பார்த்த பார்வையில் புதுச் சட்டை கருகியிருக்கும். அந்த நேரத்தில் நீயும் என் பக்கம் திரும்பினாய். எரிச்சலோடுதான் திரும்பினாய்.

"ஏலே, நல்ல காரியத்துக்குப் போகும்போது எதுக்குலே கருவாட்டச் சுட்டுக் கொண்டாந்திருக்க?"

நான் உன்னிடமும் சத்தியம் பண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். நீயும் வாயைத் திறந்தபடி நிறுத்தியிருந்தாய். கண்டக்டர் இன்னும் ஏசிக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்படிலே தெரியும்?" என்று கேட்டேன்.

நீ குனிந்து காலடிப் பையைத் திறந்தாய். கரண்டி இடித்துத் தக்கை பாதி கழன்றிருந்தது. பைக்குள்ளேயே முகத்தை விட்டாய். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய மனுஷன், பைக்குள் தலையை விட்டுத் தோள் குலுங்குகிறான் என்றால் பார்க்க மாட்டார்களா? நிமிர்ந்தபோது உன் கண் மூக்கு எல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது திரேஸ்புரம்லா" என்றாய். "ஏலே, இதுக்குள்ள நம்ம திரேஸ்புரம்லா இருக்கு."

கண்டக்டருக்கு என்ன புரிந்ததோ, டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

காதுகுத்து வீட்டில் கிடாய்க் கறி அண்டாவில் கொதித்தபோது நான் வழக்கம்போலப் பக்கத்தில் போய் நின்றேன், காதைத் தயாராக வைத்துக்கொண்டு. நீ கரண்டியால் என்னைத் தள்ளினாய். "போய் பந்தியில உக்காரு, இங்கன ஒனக்கு வேல இல்ல." என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக வேலையை விட்டு விரட்டியது கிடையாது. மல்லி வறுபடும் மணம் உனக்கு வரவில்லை என்றும், இஞ்சி அரைகுறையாக வந்தது என்றும், நல்லெண்ணெய் முழுசாக வந்தது என்றும் பிறகு சொன்னாய். கறி எப்படி இருந்தது என்றா கேட்கிறாய்? மச்சினன் பெண்டாட்டி இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கூட்டம் கலைந்த சாயங்காலத்தில் இதே தொட்டி விளிம்பில்தான் உட்கார்ந்தோம். பாட்டிலை மச்சினனுக்குக் கொடுக்கிற பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டீ கிளாசில் அடி நனைய ஊற்றினாய். இந்த முறை நான் கேலி பண்ணாமல் வாயைத் திறந்துகொண்டு மோந்து பார்த்தேன். மக்கா, அதைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னால் மோந்ததில்லை, ஆனால் எல்லாமே தெரிந்த மணமாக இருந்தது. வாளைக் கருவாட்டைக் கங்கில் போட்ட முதல் நொடி. தோணிக்குப் பூசுகிற தார். நனைந்து காய்ந்த கயிறு. கரையில் ஒதுங்கின பாசி. வாயில் ஊற்றினால் முதலில் கருப்பட்டிக் காப்பி, உடனே யாரோ அந்தக் காப்பிக்குத் தீ வைத்த மாதிரி, எல்லாம் அடங்கின பிறகு உதட்டில் உப்பு. விழுங்கி வெகு நேரம் கழித்தும் புகை உள்ளேயிருந்து திரும்பி வந்தது.

விளாத்திகுளத்துப் போர்வெல் தண்ணீரை ஒரு சொட்டு விட்டதும் புகை முறைத்துக்கொண்டது. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த ஆற்றுத் தண்ணீரை விட்டால் கொஞ்சம் இளகி, பழம் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. அது என்ன பழம் என்று நாம் அடித்துக்கொண்டோம். நீ கொடுக்காப்புளி என்றாய். நான் பனம்பழம் என்றேன். இரண்டையும் அந்த சீஃப் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தச் சண்டையில்தான் என் வீட்டுக்காரி வந்துவிட்டாள். நான் கிளாசை மறைக்கத் தெரியாமல் மறைத்தேன். அவள் ஏசவில்லை. பஸ்ஸெல்லாம் நாறடித்த சாமான் எது என்று தனக்கும் தெரிய வேண்டும் என்று கையை நீட்டினாள். மோந்து பார்த்தாள். சுண்டுவிரல் நுனியை முக்கி நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இது இவுக சட்ட வாசம்லா" என்று உன்னிடம் சொன்னாள். "இதப் போக்கத்தான நான் தெனமும் சோப்பப் போட்டுத் தேய்க்கேன். இத வெள்ளக்காரன் பாட்டில்ல அடச்சு வச்சிருக்கானா?"

நீ சிரித்துச் சிரித்துத் தொட்டிக்குள் விழப் பார்த்தாய். சிரிப்பு நின்றதும் நெற்றியில் அறைந்துகொண்டாய். அப்போதுதான் சீஃப் சொன்ன வார்த்தை உனக்குத் திரும்பி வந்தது. மனசு கனத்தால் குடி என்று அவர் சொல்லவில்லை. தள்ளிப் போய்த் திற என்று செய்முறைதான் சொல்லியிருக்கிறார். நாம் என்ன செய்தோம்? புகையும் உப்பும் பாசியும் கருவாடும் கூரை வரைக்கும் அடைத்துக் கிடக்கிற இடத்தில் கொண்டுபோய், புகையும் உப்பும் பாசியும் எங்கே என்று தேடினோம். உலகத்தில் எத்தனையோ பேர் இந்தச் சரக்கைத் திறந்திருப்பார்கள். கருவாட்டுக் குடோனில் வைத்துத் திறந்த புத்திசாலிகள் நாம்தான்.

"அப்ப அவரு ஊர்ல, அவரு வீட்டு வாசல்ல நின்னு குடிச்சா அவருக்கும் ஒண்ணும் தெரியாதோ?" என்று கேட்டாய்.

கடையை மூடுகிற பேச்சு அதோடு மூடிக்கொண்டது. உன் மூக்கு அன்று பஸ்ஸில்தான் வந்ததா, அதற்கு முன்பே வந்து குடோனில் நம்மிடம் ஏமாந்ததா என்பது எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நாம் அடித்த கூத்து இருக்கிறதே! உனக்குக் கடை விடுமுறை என்றால் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஏதாவது பஸ்ஸில் ஏறிவிடுவோம். துறைமுக வாசலில் திறந்து பார்த்தால் ஒன்றும் வராது. உப்பளத்தில் கொஞ்சம் புகை மட்டும் வரும், உப்பு வராது. வேம்பாருக்குப் போய்க் கடற்கரையில் திறந்தால் அங்கேயும் அரைகுறைதான், அதுவும் நம்ம கடல்தானே. கரிசல் தொடங்குகிற ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கித் திறந்தால் முழுசாக வரும். "இங்கன முடியுதுலே நம்ம ஊரு" என்று காலால் மண்ணில் கோடு கிழிப்பாய். எல்லைக்கல் நட்ட சர்க்காருக்குக்கூட அவ்வளவு திருத்தமாகத் தெரிந்திருக்காது. குடித்தது ரொம்பக் கொஞ்சம். மோந்ததுதான் எல்லாம். அந்தப் பாட்டில் இன்னும் மிச்சம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கடைக்கு லாரிகள் திரும்பி வந்தன. மூக்கு வந்த பிறகும் காலையில் டம்ளரில் ஒரு கரண்டி ஊற்றி என்னிடம் நீட்டுவதை நீ நிறுத்தவில்லை. நான் காதைச் சொறிவேன். நீ உப்புப் போட மாட்டாய். அது நமக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது.

போன ஐப்பசியில் ஒரு காலை, அடைமழை. அரிசி களைந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எனக்கு ஆள் வந்து சொன்னபோது நான் தராசு முன்னால் நின்றேன். ஓடி வந்தேன். அடுப்பில் குழம்பு இருந்தது. அதை யாரோ இறக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை மக்கா.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து மதினி இந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். மாதா பக்கத்தில் இடம் காலியாகிவிடுமே என்றேன். இருக்கட்டும், அங்கே வைக்க அவர் போட்டோ இருக்கிறது என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க காதச் சொறிஞ்சா அவுக ஒரு கை உப்பு அள்ளிப் போடுவாக. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் ரெண்டு உருளக்கெழங்கப் போட்டு உப்ப எறக்குவேன். எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நெனச்சியளோ?"

எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனை மாதம் நம் பின்னாலேயே கிழங்கு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த நாட்களில் மீன் குழம்பில் கிழங்கு கிடக்கிறதே, இது என்ன புதுப் பழக்கம் என்று நான் உன்னையே கேட்டிருக்கிறேன். 'கப்பல்ல அப்படித்தான்' என்று நீயும் சமாளித்தாய். அவளிடம் நாம் இரண்டு பேரும் தோற்றது உனக்குத் தெரியாமலே போய்விட்டது. அதைச் சொல்லத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

கடையை இப்போது மதினிதான் நடத்துகிறாள். காலையில் நான் போய் நின்றால் டம்ளரில் ஒரு கரண்டி வருகிறது. நான் காதைச் சொறிகிறேன். அவளும் உப்புப் போடுவதில்லை.

பாட்டில் இத்தனை நாளும் என் குடோனில் தராசுக்குப் பின்னால் இருந்தது. உன் ஞாபகம் வந்த ஒரு நாள் அங்கேயே திறந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும், இருந்தாலும் திறந்தேன். தூத்துக்குடிக்குள் எங்கே திரும்பினாலும் நீதான். கடை வாசலில் நீ, ஐஸ் பேக்டரி முக்கில் நீ, பஸ் நிறுத்தத்தில் நீ. அதனால் அங்கே இருக்கும்போது நீ இல்லை என்பது சரியாகத் தெரிவதே இல்லை. அதற்காகத்தான் இன்று இவ்வளவு தூரம் தள்ளி வந்தேன். வீட்டுக்காரி எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. புதுச் சட்டையை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். ஊரை விட்டுத் தள்ளி இருக்கும்போது திற என்று அவர் சொன்னார். இந்தப் பாட்டிலைச் சொந்தம் கொண்டாடினவர்களிலேயே ஊரை விட்டு ரொம்பத் தள்ளிப் போனவன் நீதான். அப்படியானால் இதை இப்போது யாருக்காகத் திறக்க வேண்டும்? நான் மோந்து பார்த்து என்ன ஆகப் போகிறது? நான் சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போய்க் கருவாட்டில் நிற்கப் போகிறவன். அதனால் தக்கையை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கிற வரைக்கும் பாட்டிலைத் திறந்தே வைத்திருக்கிறேன். காற்று இருக்கிறது. அங்கே எட்டினதா மக்கா? வாளைக் கருவாடு தெரிந்ததா? கொடுக்காப்புளியா பனம்பழமா என்று இப்போதாவது சொல்.

நேரமாகிறது. இரண்டு விரல் மிச்சத்தை அப்படியே வைத்து மூடிவிட்டேன். ஆனால் தக்கையை முழுசாக அழுத்தவில்லை, வேண்டுமென்றேதான். பஸ் பள்ளத்தில் தூக்கிப் போடும். கண்டக்டர் வந்து என் முகத்தைப் பார்ப்பார். ஏசட்டும். உன் பேரைச் சொல்லிக்கொள்கிறேன்.